நான் போட்டிருந்த கண்ணாடி

எங்கள் பட்டாசு ஆலையின் ஃபோர்மேனுக்கு இடது கண் தெரியாது. சீமைக் கருவேல முள் குத்திப் பார்வை போய்விட்டது என்று ஊரில் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லி வந்தேன். முள் குத்தவில்லை. பொழுதுபோக்குக்காக நான் வாங்கிய துப்பாக்கியிலிருந்து போன பிளாஸ்டிக் குண்டு பட்டது. முள் என்ற பொய்யை முதலில் சொன்னவனும் நான்தான். குண்டு கண்ணைக் காயப்படுத்தியது. பொய்தான் அதைக் குருடாக்கியது. இதை எழுதுவதால் அவருக்கு எந்த நன்மையும் இல்லை என்று தெரியும். இருந்தாலும் நடந்தது நடந்தபடி ஓரிடத்திலாவது இருக்கட்டும்.

ஆலையை மகன் பார்க்க ஆரம்பித்த பிறகு எனக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் போனது. காலையில் போய் ஆபீஸ் அறையில் உட்காருவேன். கணக்குப்பிள்ளை எழுந்து நின்றுவிட்டு மறுபடி உட்காருவார். மகன் மரியாதையாகத்தான் கேட்பான், "இந்த வெயில்ல எதுக்குப்பா அலையுறீங்க" என்று. கேட்டுவிட்டு வேறு யாரிடமோ ஆர்டர் பற்றிப் பேசப் போய்விடுவான். நான் செய்தித்தாளை இரண்டாவது தடவை படிப்பேன்.

அப்படி இருந்த நாட்களில்தான் போனில் ஏர்சாஃப்ட் துப்பாக்கிகளைப் பற்றிய காட்சிகளைப் பார்க்கத் தொடங்கினேன். மதுரையில் கல்லூரியில் படித்தபோது என்.சி.சி.யில் சுட்டிருக்கிறேன். குறி எனக்கு நன்றாக வரும். அதற்குப் பிறகு துப்பாக்கியைத் தொட்டதில்லை. இது நிஜத் துப்பாக்கி அல்ல. பட்டாளத்துக்காரன் தோளில் மாட்டுவதைப் போலவே தோற்றமும் கனமும் இருக்கும், ஆனால் உள்ளிருந்து வருவது மிளகைவிடச் சற்றுப் பெரிய வெள்ளைப் பிளாஸ்டிக் குண்டு. ஸ்பிரிங்கில் ஓடுவது, பேட்டரியில் ஓடுவது, கேஸில் ஓடுவது என்று மூன்று வகை. ஸ்பிரிங் சிறுபிள்ளை விளையாட்டு என்று தள்ளினேன். பேட்டரித் துப்பாக்கி தையல் மெஷின் மாதிரி சத்தம் போட்டது. கேஸில் ஓடுவதில் ஒவ்வொரு குண்டுக்கும் மேல்பக்கத்து இரும்பு பின்னால் போய் வரும், தோளில் ஓர் உதை விழும். அந்த உதைக்காகத்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்த கிழவனுக்கு அந்த உதை வேண்டியிருந்தது.

விற்றவர் வடக்கே ஒரு நகரத்தில் கடை வைத்திருந்தார். பொறுமையான மனிதர். எந்த ஊர் என்று கேட்டார். சிவகாசிப் பக்கம் என்றதும் சிரித்தார். வாசலிலேயே வெடியை வைத்துக்கொண்டு இதை எதற்குத் தேடுகிறீர்கள் என்றார். பிறகு, உங்கள் ஊரில் வெயில் எப்படி என்று கேட்டார். நான் பெருமையாகச் சொன்னேன், எங்கள் வெயிலை நம்பித்தான் எங்கள் தொழிலே இருக்கிறது என்று. அப்படியானால் கோடையில் வேகம் குறைந்த கேஸை வாங்குங்கள், வெயில் ஏற ஏற உள்ளே அழுத்தமும் ஏறும் என்றார். சரி சரி என்றேன். கடைசியாக, பாதுகாப்புக் கண்ணாடி இரண்டாக அனுப்பட்டுமா, பக்கத்தில் நிற்பவருக்கும் வேண்டும் என்று கேட்டார். எனக்கு அப்போது மனசெல்லாம் சிவப்புப் புள்ளி காட்டும் குறிபார்க்கும் கருவி மேல் இருந்தது. அதோடு தோள்வார், குண்டும் கேஸும் அடைத்து மாட்டும் மேகசின் கூடுதலாக ஒன்று. கண்ணாடி ஒன்று போதும் என்றேன்.

லாரி ஆபீசில் வந்து இறங்கிய பார்சலை எடுத்து வந்து கொடுத்தவர் ஃபோர்மேன்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் கூலி விவசாயக் குடும்பம். என் அப்பா ஆலை நடத்திய காலத்திலேயே வேலைக்கு வந்தவர். எனக்கும் அவருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. அவர் என்னை முதலாளி என்பார். நான் அவரை நீ என்பேன். இத்தனை வருடத்தில் அதை இருவரும் யோசித்ததில்லை, அல்லது நான் யோசித்ததில்லை. வெடிமருந்து கலப்பதும் அதைக் காகிதக் குழாயில் இறுக்குவதும் அவர் கண்பார்வையில்தான் நடக்கும். அவர் உடம்பில் ஒரு தீக்காயம் கிடையாது. அந்தத் தொழிலில் அந்த வயதில் அது அபூர்வம். நான் காரை எங்கே திருப்பினாலும் பின்னால் போய் நின்று கையை ஆட்டி, "வரலாம், வரலாம், போதும்" என்று சொல்வது அவர் வழக்கம். யாரும் சொல்லி அவர் அதைச் செய்யவில்லை.

ஆலைக்குள் அந்தத் துப்பாக்கியைக் கொண்டுபோகும் அளவுக்கு நான் புத்தி கெட்டவன் அல்ல. ஆலையிலிருந்து தள்ளி எனக்கு ஒரு தோட்டம் உண்டு. கரிசல் நிலம், மோட்டார் அறை, அந்தக் கடைசியில் ஒரு வேப்பமரம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே போவோம். அலுமினியப் பவுடர் வந்த காலி டின்னை ஒரு கல்லின் மேல் வைப்போம். அதுதான் குறி.

முதலில் போனது மார்கழியில். குளிரில் மேகசின் கைக்குள் ஐஸ் கட்டி மாதிரி இருந்தது. சுட்டால் குண்டு பாதி தூரத்தில் சோர்ந்து விழுந்தது.

"இம்புட்டுத்தானா மொதலாளி? நம்ம ஊசிவெடிக்கு இருக்க சத்தங்கூட இல்லையே."

"பொறுய்யா. இன்னும் சரி பண்ணல."

"பண்ணுங்க. எனக்கென்ன. ஆனா குண்டுகூடவே நானும் நடந்து போனா நாந்தேன் முன்னாடி போவேன் போலருக்கு."

சரி பண்ணுவதுதான் எனக்கு அதில் பிடித்த வேலை. குழலுக்குள் ஒரு சின்ன ரப்பர் இருக்கும். அது குண்டைப் பின்னோக்கிச் சுழலவிட்டு, விழாமல் தாங்கிக் கொண்டுபோகும். அதை எவ்வளவு அழுத்த வேண்டும் என்று ஒரு சக்கரத்தைத் திருப்பி வைக்க வேண்டும். லேசான குண்டு காற்றில் அலையும், கனமான குண்டு நேராகப் போகும் ஆனால் சீக்கிரம் விழும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். எவ்வளவு கேஸ் போக வேண்டும் என்பதற்கு உள்ளே ஒரு திருகு. அதை ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தேன். தை பிறப்பதற்குள் முழுதாகவே திறந்துவிட்டேன். டின் டங்கென்றது. ஃபோர்மேன் கைதட்டினார்.

சுட்டு முடித்ததும் அவர் போய்க் குண்டுகளைப் பொறுக்குவார். கறுப்பு மண்ணில் வெள்ளைக் குண்டுகள் தூரத்திலிருந்தே தெரியும். டின்னைத் தாண்டிப் போனவையும் வேப்பமரத்துக்கு வெகு முன்னாலேயே கிடந்தன. ஒன்றுகூட மரத்தைத் தொட்டதில்லை. அதைப் பார்த்துவிட்டு அவர் மரத்தடியில் ஒரு சாக்கை விரித்தார்.

"இங்கன வராது மொதலாளி. எனக்கு சீட்டுப் பிடிச்சாச்சு. ஒவ்வொருக்கவும் அங்கனருந்து நடக்க முடியல."

"பாத்து உக்காரு."

"நீங்க மொதல்ல டின்னுல அடிங்க."

இப்படி மாசி, பங்குனி போனது. என் வாழ்க்கையில் நான் நிம்மதியாக இருந்த ஞாயிற்றுக்கிழமைகள் அவை. சுட்டு முடித்து மோட்டார் அறை வாசலில் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் குடிப்போம். அவர் தன் மகளையும் பேத்தியையும் பற்றிச் சொல்வார். நான் மகனைப் பற்றிப் புலம்புவேன்.

பட்டாசுத் தொழிலில் முதல் பாடம் வெயில். மருந்து கலப்பது காலையில், வெயில் ஏறும் முன். ஏறிய பிறகு கலக்கும் அறைக்குள் யாரும் போகக்கூடாது. சித்திரையில் உச்சி நேரத்தில் வேலையையே நிறுத்திவிடுவோம். ஒருமுறை நேரம் தப்பிக் கலந்த ஒருவரை, நல்ல வேலைக்காரர், அன்றைக்கே நிறுத்திவிட்டேன். அவர் மனைவி வந்து அழுதும் திரும்பச் சேர்க்கவில்லை. வெயில் யாரையும் கேட்காது என்று அவளிடம் சொன்னேன். அப்படிச் சொன்னவன், அதே வெயிலில் என் கையில் இருந்த கேஸ் டப்பாவுக்குள் என்ன நடக்கும் என்று நினைக்கவில்லை. அது மருந்து இல்லையே, வெறும் விளையாட்டுப் பொருள்தானே என்ற எண்ணம். ஆலை வாசலைத் தாண்டினால் வெயிலுக்கு வேறு குணம் வந்துவிடும் என்பதுபோல் நடந்துகொண்டேன்.

அந்தச் சித்திரை ஞாயிறு சாத்தூரில் ஒரு கல்யாணம். முகூர்த்தம் முடிந்து சாப்பிட்டுக் கிளம்பவே நேரமாகிவிட்டது. வீட்டுக்குப் போயிருக்கலாம். ஒரு வாரம் விட்டுப்போகுமே என்று இருந்தது எனக்கு. ஃபோர்மேனும் பந்தியில் இருந்தார். "ஏறுய்யா, ரெண்டு மேகசின் சுட்டுட்டுப் போயிருவோம்" என்றேன்.

"இந்த வெயில்லயா?"

"மரத்தடியிலதானே உக்காரப் போற."

மேகசின்கள் இரண்டும் காலையில் கேஸ் நிரப்பியவை. காரின் முன்கண்ணாடி அடியில், கல்யாண மண்டபத்து வெயிலில், காலையிலிருந்து கிடந்தன. எடுத்தபோது கை சுட்டது. துண்டால் பிடித்து மாட்டினேன். திருகு மார்கழியில் திறந்து வைத்தபடியே இருந்தது.

கண்ணாடியை நான் போட்டுக்கொண்டேன். அவர் போய் வேப்பமரத்தடியில் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார்.

முதல் குண்டு போன சத்தமே வேறாக இருந்தது. சுளீரென்றது.

"இன்னைக்குத்தான் மொதலாளி ஊசிவெடியத் தொட்டுருக்கீக" என்று அங்கிருந்து கத்தினார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. நான் சரி பண்ணிய பண்ணலுக்குப் பலன் என்று நினைத்தேன். நிறுத்தியிருக்க வேண்டிய இடம் அது. இரண்டாவது குண்டைச் சிவப்புப் புள்ளியை டின்னின் நடுவில் வைத்துச் சுட்டேன். டின் அசையவில்லை. குண்டு கீழே விழாமல் மேலே ஏறிப் போவதை என் கண்ணாலேயே பார்த்தேன். வேகம் கூடினால் குழலுக்குள் இருக்கும் அந்த ரப்பர், குண்டை மேலே தூக்கிவிடும். அதையும் நான் படித்திருந்தேன்.

அவர் கத்தவில்லை. எழுந்து நின்று, ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு, மறுபடி உட்கார்ந்தார்.

ஓடினேன். "ஒண்ணுமில்ல மொதலாளி, தூசி மாதிரி" என்றார். கையை எடுக்கச் சொன்னேன். வெளியே ரத்தம் இல்லை. கருவிழிக்கு முன்னால், அடியில், மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று நின்றது. கண்ணில் விழுந்த நிழலோ என்று தள்ளி நின்று பார்த்தேன், அது அசையவில்லை.

காரில் ஏற்றிச் சாத்தூருக்குத் திருப்பினேன். எங்கள் பகுதியில் கண்ணில் அடியோடு ஒருவன் ஆஸ்பத்திரிக்குப் போனால் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். அதிலும் பட்டாசு ஆலை ஃபோர்மேன். அந்த மாதம் வேறெங்கோ ஒரு ஆலையில் விபத்து நடந்து, எல்லா ஆலைகளிலும் சோதனை நடந்துகொண்டிருந்தது. ஃபோர்மேன்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"வெடின்னு எளுதிருவாக மொதலாளி. வந்து சீல் வச்சுட்டா சீசன் வேலை அம்புட்டும் நின்னுரும்."

உண்மையைச் சொன்னால் யார் நம்புவார்கள், துப்பாக்கி என்று சொன்னால் அது வேறு விசாரணை என்று என் மனம் வேகவேகமாக ஓடியது. அந்த நேரத்திலும் அவர் ஆலையைப் பற்றிக் கவலைப்பட்டார். நானும் ஆலையைப் பற்றியே கவலைப்பட்டேன். கண்ணைப் பற்றிக் கவலைப்பட அந்தக் காரில் ஆள் இல்லை.

"முள் குத்துச்சுன்னு சொல்லிருவோம்" என்றேன்.

"சரி மொதலாளி."

சின்ன கிளினிக். நர்ஸ் கேட்டார், "பட்டாசு இல்லையே?" இல்லை என்றேன். அன்று அங்கே நான் சொன்ன ஒரே உண்மை அது. டாக்டர் இளைஞர். விளக்கடித்துப் பார்த்தார். என்ன முள், பச்சை முள்ளா காய்ந்த முள்ளா என்றார். ஃபோர்மேன் என் முகத்தைப் பார்த்தார். சீமைக் கருவேலம், காய்ந்தது என்றேன். டாக்டர் திரும்பவும் பார்த்தார். "முள்ளுக்கு இப்படி ரத்தம் சேராதே. வேற ஏதாவது அடி பட்டுதா? பந்து, கல்லு?" நேராக என்னைப் பார்த்துக் கேட்டார். இல்லை என்றேன். முள்ளுக்குரிய சொட்டு மருந்து எழுதினார். இரண்டு நாளில் வரச் சொன்னார்.

நான் மறுபடி அழைத்துப் போகவில்லை. அவரும் கேட்கவில்லை. கொஞ்சம் மங்கல், சரியாகிவிடும் என்றார். திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிட்டார். குனிந்தார், பெட்டி தூக்கினார், வெயிலில் நடந்தார். அந்த வாரக் கடைசியில் வாந்தியும் தாங்க முடியாத தலைவலியும் வந்து சுருண்டு விழுந்தார். மதுரைக்குக் கொண்டுபோனோம்.

அங்கே அவரை ஸ்கேன் எடுக்க உள்ளே அழைத்துப் போனபோது நான் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. உள்ளே மறுபடி ரத்தம் கசிந்து, அழுத்தம் ஏறி, நரம்பு செத்துவிட்டது என்றார். அடிபட்ட அன்றே அடி என்று சொல்லியிருந்தால் தலையை உயர்த்திப் படுக்க வைத்து, அசையாமல் வைத்து, அழுத்தத்துக்கு மருந்து கொடுத்திருப்பார்கள் என்றார். கண் பிழைத்திருக்குமா என்று கேட்டேன். "பெரும்பாலும் பிழைச்சிருக்கும்" என்றார். அதை அவர் ஃபோர்மேனிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஒற்றைக் கண் போதாதா, எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்று எல்லோரும் அவரைத் தேற்றினார்கள். ஒரு நாள் ஆபீஸ் வாசலில் அவர் எனக்கு டீ ஊற்றினார். பிளாஸ்கைச் சரித்தார், டீ டம்ளருக்கு வெளியே மேஜையில் விழுந்தது. தூரம் தெரியவில்லை. இரண்டாவது தடவை பிளாஸ்க் வாயை டம்ளர் விளிம்பில் முட்டவைத்து ஊற்றினார். "பளகிரும் மொதலாளி" என்றார். அதற்கு மறுநாள் அவரே என் மகனிடம் போய், இனிமேல் கலக்கும் அறைக்குப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டார். குழாயின் வாய் எங்கே இருக்கிறது என்று தெரியாதவன் மருந்து பக்கம் போகக்கூடாது என்றாராம். மகன் அவரை ஆலை வாசல் கேட்டில் உட்கார வைத்தான். நாள் முழுக்க லோடு வண்டிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் போய்ப் பக்கத்தில் உட்காருவேன். டீயை நான் ஊற்றுவேன். துப்பாக்கிப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை. அது கேஸ் இறக்கிய மேகசினோடு என் பீரோவின் அடித்தட்டில் கிடந்தது.

ஐப்பசியில், தீபாவளி முடிந்த வாரம், அவர் வீட்டுக்குப் போனேன். வேட்டி சேலை கொடுக்க வருஷா வருஷம் போவது வழக்கம். அவர் மனைவி வாசலில் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். "வாங்க மொதலாளி, நெழல்ல உக்காருங்க" என்று நாற்காலி போட்டார். ஃபோர்மேன் கயிற்றுக் கட்டிலில் இருந்தார். வாசலுக்கு எதிரே முன்பு பெரிய சீமைக் கருவேல மரம் ஒன்று இருந்தது. இப்போது முழங்காலளவு கட்டைதான் நின்றது. பக்கத்தில் புதிதாகத் துளிர் விட்டிருந்தது.

"இவுக கண்ணப் பறிச்ச மரம்னு நானே அருவாளெடுத்து வெட்டுனேன்" என்றார் அவர் மனைவி. "ரெண்டு நா ஆச்சு. கையெல்லாம் காப்புக் காச்சுருச்சு. இப்பப் பாருங்க, கூசாம திரும்பத் துளுக்குது. மண்ணெண்ணய ஊத்திக் கொளுத்தணும்."

அவர் தன் மனைவியிடமும் முள் என்றே சொல்லியிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதுவும் வீட்டு வாசல் மரத்தின் முள் என்று. என்னைக் காப்பாற்ற அவர் ஒரு மரத்தையே கொடுத்திருக்கிறார்.

"அந்த மரம் ஒண்ணும் செய்யலம்மா" என்றேன். சொல்லத் தொடங்கியபின் நிறுத்தவில்லை. துப்பாக்கி, கல்யாணத்தன்று போனது, குண்டு, கிளினிக்கில் சொன்ன பொய் எல்லாம் சொன்னேன்.

முறம் நின்றது. அந்த அம்மா கணவரைப் பார்த்தார்.

"வெளாட்டுக்குச் சுட்டது புள்ள. நாந்தேன் போயி அங்கன உக்காந்தேன்" என்றார் ஃபோர்மேன்.

"ஆசுபத்திரில நெசத்தச் சொல்லிருந்தா?"

"சொன்னாலும் அம்புட்டுத்தேன். பட்டது பட்டதுதான."

அவர் அப்படித்தான் நம்பியிருந்தார். அந்த நம்பிக்கையின் மேல்தான் என்னோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் பேசாமல் இருந்திருந்தால் அது அப்படியே போயிருக்கும்.

"இல்லய்யா. சொல்லியிருந்தா கண்ணு பெரும்பாலும் பிழைச்சிருக்கும்னு மதுரையில டாக்டரம்மா சொன்னாங்க. ஒங்கிட்ட நான் மறைச்சுட்டேன்."

அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். தெரிகிற கண் என்னைப் பார்க்கும்படி தலையைத் திருப்பினார்.

"எப்பச் சொன்னாக?"

"நீ ஸ்கேனுக்குப் போயிருந்தப்ப."

பிறகு சொன்னார்: "அப்பருந்து தெனமும் எம்பக்கத்துல உக்காந்து டீ ஊத்திக் குடுத்துருக்கீக."

எப்போதும் பேச்சின் முடிவில் வரும் முதலாளி என்ற சொல் அதில் வரவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். அவர் மனைவி வேட்டி சேலை இருந்த பையை எடுத்து என் நாற்காலியின் அருகே வைத்தார். கோபமாகக்கூட வைக்கவில்லை.

"கெளம்புங்க. வெயில் ஏறிரும்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் ஆலைக்கு வரவில்லை. மகனிடம் நானே காரணத்தைச் சொன்னேன். மாதாமாதம் கொடுக்க வேண்டியதை மகன் கொடுத்தனுப்புகிறான், அவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். நான் போவதில்லை. வர வேண்டாம் என்று அவர்கள் சொல்லவும் இல்லை.

அன்று அந்த வீட்டு வாசலில் காரைத் திருப்ப இடம் போதாது. அந்தச் சந்தில் வழக்கமாக அவர் பின்னால் வந்து நின்று, வரலாம், வரலாம் என்று கையை ஆட்டுவார். பழக்கத்தில் கண்ணாடியில் பார்த்தேன். யாரும் இல்லை. பின்னால் கருவேலக் கட்டை இருக்கிறது என்று தெரியும். எவ்வளவு தூரத்தில் என்று தெரியவில்லை. மெதுவாகத்தான் எடுத்தேன். இடித்தது. இறங்கிப் பார்க்காமல் காரை ஒடித்துத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.